ஆனைமலையின் மெதுநடை ஓணான்

கொல்லங்கோட்டு இரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நோக்குவோருக்கு நெல்லியாம்பதி மலை ஒரு நெடுஞ்சுவராகக் காட்சியளிக்கும். தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் அச்சுவரின் மீது அருவிகள் வெண்கோடுகளாக இறங்குவதை வயல் வரப்பில் நின்றே காணலாம். மலையின் மேலேறி, சீதார்குண்டு முகப்பிலிருந்து திரும்பிப் பார்த்தால் கொல்லங்கோட்டு நெல்வயல்களும், சுள்ளியாறு, மீங்கரை நீர்த்தேக்கங்களும் வரைபடத்தைப் போல் விரிந்து கிடக்கும். இந்த மலைச்சுவர் ஒரு முன்வாசல் மட்டுமே. அதற்குப் பின்னே பரம்பிக்குளத்துக் காடுகளும், அவற்றிற்கும் அப்பால் ஆனைமலையின் உயர்பீடபூமியும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, இரவிகுளம் ஆகிய மேட்டுநிலங்களும் தொடர்கின்றன. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இத்தொடரின் சிகரமாகும். தென்னிந்தியாவில் இதனினும் உயர்ந்த சிகரம் இல்லை.

இம்மேட்டுநிலத்தின் குளிர்ந்த சோலைகளில் ஓர் ஓணான் வாழ்கிறது. ஒரு சாணைவிடச் சிறிய உடலும், உடலினும் நீண்ட வாலும், பிடரியில் முட்களைப் போன்ற சூட்டும் கொண்டது. விலங்கியலார் அதனைச் சாலியா அனமலயானா என்று அழைக்கின்றனர். தமிழில் ஆனைமலை முள்ஓணான் என்று குறிப்பிடலாம். ஓணான் என்றதும் நினைவிற்கு வரும் விரைவும் பரபரப்பும் இதனிடம் இல்லை. கிளையிலிருந்து கிளைக்கு இது ஆராய்ந்து ஆராய்ந்து அடியெடுத்து வைக்கும். ஆள் நெருங்கினாலும் ஓட்டம் பிடிப்பது அரிது. பெரும்பாலும் அசையாது ஒட்டிக்கொண்டு, தன்னைக் கிளையின் ஒரு பகுதியாகக் காட்டிக்கொள்ளும்.

இவ்வாறு மெதுவாக நகரும் ஓர் உயிரினம், வேறெங்கும் இல்லாது, இந்த மலைத்தொகுதியில் மட்டும் காணப்படுவதன் காரணம் என்ன? இதற்கான விடை, உயிரியலை மட்டுமன்றி, மலைநிலப் பயன்பாடு பற்றி நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிய ஒரு தவறான கணக்கையும் தொட்டுச் செல்கிறது.

அடிவாரம் முதல் உச்சி வரை

கொல்லங்கோட்டிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒருவர், உயரம் கூடக் கூட ஓணான் இனங்கள் மாறி வருவதைக் கவனிக்கலாம். சமவெளியில், வேலியிலும் வரப்பிலும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது சாதாரணத் தோட்டத்து ஓணான். வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழியில் இடம்பெற்றிருப்பதும், சிறுவர்களின் கல்லெறிக்கு இலக்காவதும் இதுவே. பாலக்காட்டுப் பகுதியில் இதனை ஓந்து என்பர். ஓந்தி என்ற பழந்தமிழ்ச் சொல்லுடன் இதற்குள்ள உறவு வெளிப்படை. கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் வறண்ட முட்புதர்களில் பச்சோந்தி உண்டு. அடிவாரத்து ஈரக்காடுகளிலும், அவற்றையொட்டிய பாக்குத் தோப்புகளிலும் பறக்கும் ஓணான் வாழ்கிறது. நீண்ட விலா எலும்புகளால் தாங்கப்பட்ட மென்தோலை இருபுறமும் விரித்து, மரத்திலிருந்து மரத்திற்குக் காற்றில் சறுக்கிச் செல்லும் இயல்புடையது. டிராக்கோ, அதாவது பறவைநாகம் என்னும் இதன் இலத்தீன் பெயரே இக்குலம் முழுவதற்கும் வழங்கலாயிற்று. தோட்டத்து ஓணானும் முள்ஓணானும் அடங்கிய உட்குடும்பத்திற்கு டிராக்கோனினே என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. இப்பறவைநாகங்கள் பூச்சிகளுக்கே அச்சமூட்டுபவை.

இடைமலைக் காடுகளில் வேறு சில மரஓணான்கள் உள்ளன. அவற்றையும் கடந்து, மரங்கள் குட்டையாகிக் கிளைகள் பாசியும் மரவாழையும் போர்த்து நிற்கும் மேல்மலைச் சோலைகளை அடையும்போதுதான் முள்ஓணான் எதிர்ப்படும். இது பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்நிலத்திற்குரியது. ஆனைமலையின் புல்மலைப் பகுதி, இரவிகுளம், மூணாற்றைச் சுற்றியுள்ள உயர்நிலம், பழனிமலையின் மேற்பகுதி ஆகியவை இதன் இருப்பிடங்கள்.

மெதுவாக நகரும் இயல்பைக் கொண்டு இதனைப் பச்சோந்தி என்று மயங்குவோர் உண்டு. இரண்டும் வேறு. பச்சோந்தியின் கண்கள் கோபுரம் போல் புடைத்து, ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தனித்தனியே சுழலவல்லவை. அதன் விரல்கள் இடுக்கியைப் போல் இரு கூறாகப் பிரிந்து கிளையைக் கவ்வும். நாக்கு நீண்டு பாய்ந்து இரையைப் பிடிக்கும். முள்ஓணானிடம் இவை எவையும் இல்லை. சாதாரண ஓணானின் உடலமைப்பே இதற்கும் உரியது. உடல் இருபக்கமும் தட்டையாக அழுத்தப்பட்டது. செதில்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று அளவில் ஒவ்வாதவை, நடுவில் வரம்புடையவை. முதுகின் வெளிறிய பசுமையின்மீது அகன்ற கரும்பழுப்புப் பட்டைகள் அமைந்துள்ளன. பாசி படர்ந்த சுள்ளியின்மீது இது அமர்ந்திருக்கும்போது, சுள்ளி எங்கு முடிகிறது, ஓணான் எங்குத் தொடங்குகிறது என்பதைக் கண்டறியப் பழகிய கண் வேண்டும். ஆணின் பிடரிச்சூட்டு முட்கள் நீண்டு விளங்கும்.

மெதுநடையின் காரணம்

ஊர்வன தம் உடல்வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. கதிரவனிடமிருந்தும், வெயிலேறிய பாறை, கிளை ஆகியவற்றிலிருந்தும் பெறுகின்றன. தசைகள் விரைந்து இயங்க வெப்பம் தேவை. சமவெளியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தொடும் பாலக்காட்டில் இத்தேவை காலை எட்டு மணிக்கே நிறைவேறிவிடும். இரவிகுளத்தின் நிலை வேறு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்குப் புல்மீது உறைபனி படியும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகமும் மூடுபனியும் கதிரவனை மறைத்துவிடும். ஆண்டு மழையளவு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். இத்தகைய இடத்தில் ஓடிப்பிழைக்கும் உத்தியை நம்பும் ஓணான், வெயில் வராத நாட்களில் எளிதாக இரையாகிவிடும். மறைந்து பிழைக்கும் உத்தியோ மூடுபனியிலும் செல்லுபடியாகும்.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. சம எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால் ஊர்வனவிற்குத் தேவைப்படும் உணவாற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அந்தச் சிறு தேவையையும் மேலும் குறைத்துக்கொண்டு, ஓரிடத்தில் அமர்ந்து, எட்டும் தொலைவிற்கு வரும் பூச்சியை மட்டும் பற்றி உண்பது இவ்வினத்தின் வாழ்க்கைமுறை. குளிர்ந்த சோலையில் பூச்சிகள் குறைவு, வெயில் நேரம் குறைவு. வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதைப் போல் இவ்வினம் அசைவைச் சுருக்கிக்கொண்டது எனலாம்.

ஆனால் இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. மறைவை நம்பி வாழும் உயிருக்கு மறைவு தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். சோலையின் விளிம்பில் அடர்ந்து வளரும் குறிஞ்சிக் குலத்துப் புதர்களும், தாழ்ந்த கிளைகளும், கொடிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில் அது பாதுகாப்பாக நடமாடும். பத்தடி அகலமுள்ள வெற்றுநிலம் குறுக்கிட்டால், கீச்சான் போன்ற பறவைகளின் கண்ணில் படாமல் அதனைக் கடக்க இயலாது. பல்லியைப் போல் வாலை அறுத்துவிட்டுத் தப்பி, மீண்டும் வளர்த்துக்கொள்ளும் வசதியும் இக்குலத்திற்கு இல்லை. எனவே ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் இடையே நமக்குச் சில நிமிட நடையாகத் தோன்றும் தொலைவு, இதற்குத் தலைமுறைகளின் தொலைவாக இருக்கக்கூடும்.

குளிர்மலைகளும் மெதுவான ஓணான்களும் சேர்ந்தே காணப்படுவதற்கு இலங்கையிலும் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய உயர்நிலங்களில் வாழும் கோஃபோட்டிஸ் என்னும் ஓணான், நடையில் முள்ஓணானை ஒத்தது. அது ஒரு படி மேலே சென்று, கிளையைச் சுற்றிப் பற்றும் வாலையும், முட்டையிடாமல் குட்டி ஈனும் இயல்பையும் பெற்றுள்ளது. குளிர்ந்த மண்ணில் முட்டையை விட்டுச் செல்வதைவிட, வெயிலில் காயும் தாயின் உடலுக்குள் கரு வளர்வது பாதுகாப்பானது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆனைமலை இனம் முட்டையிடும் வழக்கத்தையே தொடர்ந்து வருகிறது.

கணவாய் என்னும் எல்லை

சாலியா என்னும் பேரினத்தை 1845ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஜான் எட்வர்டு கிரே வகுத்தார். இன்று இப்பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று, நீலகிரியில் காணப்படும் ஹார்ஸ்ஃபீல்டு முள்ஓணான். இயற்கை ஆய்வாளர் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குவது. மற்றொன்று ஆனைமலை இனம். இதனை 1878இல் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் ரிச்சர்டு ஹென்றி பெட்டோம். சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பாதுகாவலராகப் பணியாற்றிய இவர், காட்டு மரங்களை ஆராயும் பணியோடு, ஊர்வனவற்றையும் தவளைகளையும் தேடித் தொகுத்தவர். அரசுப் பணியின் சுற்றுப்பயணத்தை அறிவியலுக்கும் பயன்படுத்திக்கொண்ட அலுவலர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர். சுற்றுப்பயணம் என்பது பயணப்படிப் பட்டியலோடு முடிந்துவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரது தொகுப்புகள் சான்று.

இவ்விரு இனங்களுக்கும் இடையே கிடப்பதுதான் கொல்லங்கோடு அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுவரிசையில் ஏற்பட்ட பெரும் இடைவெளி இது. ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடையது. கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து 140 மீட்டர் அளவே உயர்ந்தது. இரயில் பாதை அமைத்தவர்களுக்கும், கோயம்புத்தூர் வணிகர்களுக்கும், கிழக்கு நோக்கி வீசும் பருவக்காற்றிற்கும் இது திறந்த வாசல். குளிர்ச்சோலையை விட்டு அகல இயலாத ஓணானுக்கோ இது கடலுக்கு நிகரான தடை. வடக்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, தெற்கே ஆனைமுடி. இவ்விரண்டின் சாரல்களும் தட்பவெப்பத்தில் உடன்பிறந்தவை. எனினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஏறத்தாழ 2,000 மீட்டர் இறங்கி, வெப்பம் பன்னிரண்டு, பதின்மூன்று பாகை மிகுந்த சமவெளியைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். முள்ஓணான் வழியில் அதனைச் செய்வது நடவாத காரியம்.

ஓணான் மட்டுமன்று, சோலைகளில் வாழும் சில பறவைகளும் கணவாயின் இருபுறமும் வேறுவேறு இனங்களாகப் பிரிந்துள்ளன. சிறகுடைய சோலைக்கிளியும் சிரிப்பானும் கடக்க விரும்பாத இடைவெளியை, மெதுநடை ஓணான் கடக்காததில் வியப்பில்லை. ஒரே மூதாதையின் வழிவந்த இரு கிளைகள், தொடர்பற்ற இரு தீவுகளில் ஒதுங்கித் தனித்தனியே மாறின. கொல்லங்கோட்டு வயலில் நின்று வடக்கேயும் தெற்கேயும் மலைகளை ஒருசேரக் காண்பவர், உண்மையில் இரு தீவுக் கரைகளையே காண்கிறார்.

தரிசு என்ற சொல்லின் விளைவு

மேல்மலை நிலத்தின் தனித்தன்மை, பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியும் விரவிக் கிடப்பதாகும். நில அளவைப் பதிவேடுகளில் இப்புல்வெளிகள் பெரும்பாலும் தரிசு, பயனற்ற நிலம் என்ற தலைப்புகளில் இடம்பெற்றன. ஒருகாலத்தில் காடாக இருந்து, மனிதர் வெட்டியதால் புல்லாகிவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. 1993ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இவ்வெண்ணத்தை அசைத்தது. நீலகிரியின் சதுப்பு மண்ணடுக்குகளிலுள்ள கரியின் வகைகளைக் கொண்டு கணித்ததில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகப் புல்லும் சோலையும் தட்பவெப்ப மாற்றத்திற்கேற்ப மாறிமாறி அங்கே நிலவி வந்தமை தெரியவந்தது. புல்வெளி பழமையானது. மனிதரின் கோடரிக்கு முந்தியது.

ஆயினும், அதற்கு முன்பே நெடுந்தொலைவு சென்றுவிட்டோம். மூணாற்றுப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலை பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்த சீகை என்னும் வாட்டில் மரமும், யூக்கலிப்டசும், நாடு விடுதலை பெற்ற பின்னர் ஐந்தாண்டுத் திட்டக் காலங்களில் பெரும் பரப்பில் நடப்பட்டன. அன்றைய கணக்கைக் குறைகூறுவது எளிது. ஆனால் அக்கணக்கில் நியாயமும் இருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவையான பட்டைச்சாற்றை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. செயற்கைப் பட்டு ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும், மலைவாழ் மக்களுக்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் விறகு வேண்டும். பயனற்றதாகப் பதிவாகியிருந்த நிலத்தில் இவற்றை வளர்ப்பது சிக்கனம் என்றே தோன்றியிருக்கும். பிழை கூட்டலில் இல்லை. நிலத்தின் மதிப்பைச் சுழி என்று எழுதியதில் இருந்தது.

அதன் விளைவு எண்களில் தெரிகிறது. பழனிமலையைச் செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, நாற்பது ஆண்டுகளில் அங்குள்ள மலைப்புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதாகக் காட்டியது. வாட்டில் நட்ட இடத்தில் நிற்பதில்லை. விதை பல்லாண்டு மண்ணில் கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். நட்டவர் ஓய்வுபெற்ற பின்னும் மரம் பணியைத் தொடர்கிறது.

புல்வெளி குறைவதால் புதர்வாழ் ஓணானுக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். நேரடி இழப்பு சோலை விளிம்பில் நேர்கிறது. புல்லும் சோலையும் சந்திக்கும் கோட்டில்தான் காலை வெயிலும் புதர்மறைவும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. குளிர்நில ஓணானுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். அக்கோட்டை அடர்ந்த வாட்டில் நிழல் மூடும்போது வெயில் போகிறது. தேயிலைக்காகப் புதர் வெட்டப்படும்போது மறைவு போகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நீலகிரியின் ஹார்ஸ்ஃபீல்டு ஓணான், உதகை வீடுகளின் வேலிப்புதர்களிலும், அயல்நாட்டு முட்செடிகளிலும்கூட வாழ்ந்து வருகிறது. ஆகவே இக்குலம் மனிதரின் அண்மையை அறவே வெறுப்பதன்று. அதற்கு வேண்டியது அறுபடாத புதர். அது எந்நாட்டுச் செடி என்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

வரையாட்டின் நிழலில்

முள்ஓணானின் பொருட்டு எந்தச் சரணாலயமும் அமைக்கப்படவில்லை. அதற்குக் கிடைத்துள்ள பாதுகாப்பு பெரும்பாலும் வரையாட்டின் தயவால் கிடைத்தது. இரவிகுளம் முன்பு தோட்ட நிறுவனத்தாரின் வேட்டைக்காடாக இருந்தது. அவர்களது வேட்டைக் காப்புச் சங்கம் முதுவர் குடியினரைக் காவலர்களாக அமர்த்தி வரையாடுகளைப் பேணியது. 1975இல் கேரள அரசு இதனைச் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தது. 97 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் புல்வெளியும் சோலையும் பழைய நிலையிலேயே நிலைத்தமைக்கு இதுவே காரணம். 2003இல் ஆனைமுடிச் சோலை, மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை ஆகியவை தேசியப் பூங்காக்களாயின. எல்லைக்கு இப்பால் ஆனைமலை 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. பரம்பிக்குளம் 2010இல் அந்நிலையை எய்தியது. 2022இல் தமிழ்நாடு அரசு நீலகிரி வரையாட்டிற்கெனத் தனித்திட்டம் அறிவித்தது. ஆடும் புலியும் பெற்ற நிலத்தில் ஓணானும் குடியிருக்கிறது.

இந்த ஏற்பாடு பெருமளவு பயன்தந்துள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும் பெருவிலங்கின் தேவையும் சிறுவிலங்கின் தேவையும் எப்போதும் ஒன்றாக இரா. வரையாட்டிற்குப் புல் வேண்டும். புல் துளிர்க்கப் புல்வெளியில் கட்டுப்படுத்திய தீ வைப்பது இரவிகுளத்தில் நெடுநாளைய வழக்கம். அத்தீ சோலை விளிம்பைத் தொடாதவாறு காப்பது ஓணானுக்கு வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும். தீயிலிருந்து ஆடு ஓடும். ஓணான் கிளையைப் பற்றிக்கொண்டு அசையாதிருக்கும். மற்றெல்லா ஆபத்திலும் அதனைக் காத்த உத்தி இந்த ஒன்றில் அதனைக் கைவிடுகிறது.

ஓணானைத் தனியே ஆராயும் முயற்சிகளும் இல்லாமலில்லை. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், இரவிகுளத்தில் இவ்வினத்தின் அடர்த்தியையும் அது நாடும் நுண்வாழிடங்களையும் கணக்கிட்டு 2008இல் வெளியிட்டனர். ஒருமுறை எடுத்த கணக்கு ஓர் அடித்தளம் மட்டுமே. அதே முறையில், அதே இடங்களில், குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுத்தால்தான் கூடியதா, குறைந்ததா என்று சொல்ல முடியும். மக்கள்தொகைக் கணக்கிற்கும் இது பொருந்தும், ஓணானுக்கும் பொருந்தும்.

உயரத்தின் கணக்கு

வெப்பம் உயர்ந்து வருவதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. அதாவது சராசரி வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், பழைய குளிரைப் பெற 150 மீட்டர் மேலேற வேண்டும். 1,500 மீட்டரிலிருந்து 2,700 மீட்டர் வரை கூம்பு வடிவில் உயரும் ஒரு மலையைக் கொள்வோம். வெப்பம் இரண்டு பாகை உயர்ந்து, குளிர்நிலத்தின் கீழெல்லை 300 மீட்டர் மேலேறினால், எஞ்சும் உயரம் முன்னிருந்ததில் நான்கில் மூன்று பங்கு. ஆனால் எஞ்சும் பரப்பு பதினாறில் ஒன்பது பங்கே. உயரத்தில் கால்பங்கு இழந்தால் நிலத்தில் ஏறத்தாழ 44 விழுக்காடு போய்விடுகிறது. ஆனைமலை ஒழுங்கான கூம்பு அன்று; பீடபூமிகளும் செங்குத்துச் சரிவுகளும் கலந்தது. ஆதலின் இதனை முன்கணிப்பாகக் கொள்ளலாகாது. இழப்பு எவ்வழியில் பெருகும் என்பதைக் காட்டும் மாதிரியாகக் கொள்ளலாம். சமவெளி இனங்கள் வடக்கே நகரலாம். சிகரத்து இனத்திற்கு ஆனைமுடிக்கு மேல் நிலமில்லை.

இதே மேட்டுநிலம்தான் சமவெளிக்கு நீரும் தருகிறது. புல்வெளியும் சோலையும் பருவமழையை வாங்கி, மண்ணில் தேக்கி, கோடையில் சிறுகச் சிறுக விடுகின்றன. புல்மலைப் பகுதியிலிருந்து இறங்கும் ஓடைகள் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர்வளத்திற்கு ஊட்டம். 1970இல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, கொல்லங்கோடு உள்ளிட்ட சித்தூர் வட்டத்தின் பாசனத்திற்கு இத்திட்டத்திலிருந்து நீர் விடப்படுகிறது. இரவிகுளத்தின் கிழக்குச் சரிவு நீர் பாம்பாற்றின் வழியே அமராவதியையும், மேற்குச் சரிவு நீர் பெரியாற்றையும் சேர்கிறது. பாசனப் பொறியாளரின் ஏடும் ஓணான் ஆய்வாளரின் ஏடும் ஒரே நிலத்தைப் பற்றியவை.

அகற்றுவதிலும் நிதானம்

2021இல் கேரள அரசு வெளியிட்ட சூழல் மீட்புக் கொள்கை, வாட்டில், யூக்கலிப்டசு போன்ற அயல்மரங்களைக் காட்டுநிலத்திலிருந்து படிப்படியாக நீக்கி இயற்கைக் காட்டை மீட்பதை நோக்கமாகக் கொண்டது. மூணாற்றை அடுத்த பழத்தோட்டத்தில், தீயால் அழிந்த அயல்மரத் தோப்பு இருந்த இடத்தில் உள்நாட்டுப் புல்லை மீண்டும் நட்டு வளர்க்கும் பணி நடைபெற்றது. ஓடைகள் மீண்டும் ஊறியதாகக் கிடைத்த செய்திகள் ஊக்கமளிப்பவை. தமிழகப் பக்கத்திலும் அயல்மரங்களை அகற்றுமாறு உயர்நீதிமன்றம் வலியுறுத்தியுள்ளது.

இப்பணியின் திசை சரியானது. வேகம் பற்றி மட்டும் சிந்திக்க வேண்டியுள்ளது. பழனிமலையில் பழைய வாட்டில், பைன் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகளும் புதர்களும் தாமாகவே முளைத்து வளர்ந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அங்கே மேற்கூரை அயல்நாட்டுடையது, தரை சோலையினுடையது. குத்தகைதாரரின் இயந்திரம் ஒரே பருவத்தில் இத்தகைய தோப்பை முற்றிலும் வெட்டி இழுத்துச் சென்றால், கன்றும் புதரும் அவற்றோடு போகும். அவற்றில் குடியேறிய ஓணானுக்குப் பத்தடி வெற்றுநிலத்திற்குப் பதில் பத்து ஹெக்டேர் வெற்றுநிலம் எஞ்சும். புல்வெளியின்மீது அண்மையில் படர்ந்த இளவாட்டிலை உடனே பிடுங்கலாம். முதிர்ந்த தோப்பைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் புதர் எழுந்தபின் அடுத்ததை வெட்டலாம். சோலையை ஒட்டிய இருபது, முப்பது மீட்டர் விளிம்பை ஆட்களைக் கொண்டு கைக்கருவிகளால் மட்டும் திருத்தலாம். இதற்குச் செலவு கூடும், காலமும் நீளும். வேலைத் திட்டங்களில் ஆண்டு இலக்கு ஹெக்டேர்க் கணக்கில் குறிக்கப்படுவதால், விரைந்து வெட்டுவோரே இலக்கை எட்டியவராகக் கருதப்படுகின்றனர். இலக்குப் பட்டியலில் எத்தனை ஹெக்டேர் வெட்டப்பட்டது என்ற பத்திக்குப் பக்கத்தில், எத்தனை மீட்டர் சோலை விளிம்பு அறுபடாமல் விடப்பட்டது என்று மற்றொரு பத்தியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ புதிய நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. வனச்சரகர் கையெழுத்திடும் படிவத்தில் ஒரு கோடு கூடுதலாக அச்சிட்டால் போதும்.